முதல் தப்பறை

"உங்க அப்பா என்ன பண்றாரு, மத்மோசெல்?"

வகுப்பில் படிக்க வந்திருந்த பெரியவர் லூயிஸ் இதைக் கேட்டபோது, பாடம் நடத்த வந்த அகஸ்டினாவின் ஒரு கையில் டீ கப்பும் மறு கையில் சாக்பீஸ் தூளும் இருந்தன. பங்கு மண்டபத்தில் இறையியல் அறிமுக வகுப்பின் முதல் சனிக்கிழமை. பாதி வகுப்பு முடிந்து டீக்கு விட்டிருந்தார்கள். இந்த ஊரில் இந்தக் கேள்வி தனியாக வருவதில்லை. முதலில் எந்தத் தெரு என்று வரும், அப்புறம் எந்தக் கோயில், அப்புறம்தான் அப்பா. எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் உன்னை எங்கே உட்காரவைப்பது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்துவிடும். தெருவை மதாம் செலின் ஏற்கனவே கேட்டுவிட்டார். முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் அவர். "நெல்லித்தோப்புப் பக்கம்" என்று சொல்லி அகஸ்டினா நழுவியிருந்தாள். நெல்லித்தோப்பு பெரியது, அதில் எல்லாரும் இருக்கிறார்கள். அப்பா விஷயத்தில் அப்படிப் பக்கம் போட முடியாது.

"மியூசிக்ல இருந்தாரு" என்றாள்.

"அட. எங்க?"

"பிரெஞ்சு மிலிட்டரி பேண்டுல."

யாரோ பல வருடமாக அவளுக்காக மடித்து வைத்திருந்ததைப் போல அந்தப் பதில் வந்தது. புதுச்சேரியில் வாயை அடைக்க இதைவிட நல்ல பதில் கிடையாது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, பட்டாளத்துக்குப் போய், பென்ஷனோடு திரும்பி வந்து மாடி வீடு கட்டிய சொல்தாக்களை யாரும் தெரு கேட்பதில்லை. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் அவர்கள் நடக்கும்போது எந்த சாதிக்காரனும் ஒதுங்கி வழிவிடுவான். ஆனால் எதிரில் நிற்பவரே ஒரு சொல்தா என்பதை அவள் கவனிக்கவில்லை. கட்டம்போட்ட சட்டையும் தொளதொள பேண்ட்டுமாக அவர் ஏதோ மில்லில் கணக்கு எழுதி ரிட்டயரானவர் மாதிரிதான் இருந்தார்.

லூயிஸின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "நானும் பட்டாளம்தாம்மா. பதினஞ்சு வருஷம். உங்கப்பா பேரு?"

"இஞ்ஞாஸ்."

வீட்டில், தெருவில், பேண்டு செட்டில் எல்லாம் அவர் இன்னாசி. அந்தப் பெயருக்கு அவள் நாக்கே கோட்டும் தொப்பியும் மாட்டிவிட்டது.

"முசியே இஞ்ஞாஸ். எந்த ரெஜிமான்?"

அதற்குள் ஃபாதர் நெல்சன் கை தட்டி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். அவள் கரும்பலகைக்குப் போனாள்.

பங்குக்குப் புதிதாக வந்திருந்த நெல்சன், சென்னையில் கிறிஸ்தவ இயலில் எம்.ஏ. முடித்த பெண் ஒருத்தி இங்கேயே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அவளைப் பிடித்துக்கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கடவுள், கிறிஸ்து, அருள், திருச்சபை என்று பாடம் பாடமாகப் பிரித்து நடத்தினால் ரெண்டாவது வாரமே மண்டபம் காலியாகிவிடும், ஆதித் திருச்சபைத் தந்தையர்களிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள் அவள். அவர்கள் யாரும் புத்தகம் போடுவதற்காக யோசித்தவர்கள் இல்லை. எவனாவது ஒருவன் ஒன்றைச் சொல்வான், அது தப்பென்று இன்னொருவர் வயிற்றெரிச்சலோடு கடிதம் எழுதுவார், அந்தச் சண்டையிலிருந்து ஒரு கோட்பாடு பிறக்கும். தப்பைப் புரிந்துகொண்டால் சரியானது தானே புரியும். அவளுக்கு அது பிடித்திருந்தது. சண்டை போட அவளுக்குத் தெரியும்.

பலகையில் "மெய்யாகவே" என்று எழுதினாள். அதன் கீழே திரும்பவும் "மெய்யாகவே" என்று எழுதினாள்.

"அந்தியோக்கியா இஞ்ஞாசியார். வயசான ஆயர். சிங்கத்துக்குப் போடறதுக்காக அவரை ரோமுக்கு இழுத்துட்டுப் போறாங்க. போற வழியில லெட்டர் எழுதறாரு. என்ன எழுதறாரு? என்னைக் காப்பாத்துங்கன்னா? இல்ல. இயேசு மெய்யாகவே பிறந்தாரு, மெய்யாகவே சாப்பிட்டாரு, மெய்யாகவே செத்தாருன்னு எழுதறாரு. இதை ஏன் போய் எழுதணும்? ஏன்னா, அப்படி இல்லன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டிருந்திச்சு. அவங்க கெட்டவங்க இல்ல. பக்திமானுங்க. கடவுளுக்குப் போய் பசிக்குமா, வேர்க்குமா, தச்சன் வீட்டுல மரத்தூளுக்கு நடுவுல படுப்பாரான்னு அவங்களுக்குக் கூச்சம். அதனால அவருக்கு உடம்பே இல்ல, உடம்பு மாதிரி தெரிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. திருச்சபையோட முதல் தப்பறை, அதாவது முதல் தப்பான போதனை, அறிவால வந்தது இல்ல. வெக்கத்தால வந்தது."

மண்டபம் அசையாமல் கேட்டது. செலினின் விசிறிகூட நின்றிருந்தது. அடுத்து லியோன் நகரத்து இரனேயுவைச் சொன்னாள். கடவுளின் வார்த்தையானவர் குழந்தையாக, பையனாக, வாலிபனாக ஒவ்வொரு வயதையும் வாழ்ந்து பார்த்து, ஒவ்வொன்றையும் தூய்மையாக்கினார் என்று அவர் எழுதியதை விளக்கினாள். "லியோன்ல நான் ரெண்டு வருஷம் இருந்தேன்" என்று லூயிஸ் பக்கத்துக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் ஃபாதர் நெல்சன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்தாள். டீ நேரத்தில் சொன்ன பொய்யை வாயில் வைத்துக்கொண்டே அதையெல்லாம் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைவிட மோசம், நன்றாகப் பேசியிருந்தாள்.

இன்னாசி, ஆதிமூலம் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். சாவுக்கு. சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம், வெள்ளைத் தொப்பி. பிணவண்டிக்கு முன்னால் நடந்து கோயில் வரைக்கும் வாசிப்பார்கள். கோயில் கேட்டோடு சரி. உள்ளே பூசை நடந்து முடியும்வரை பேண்டுக்காரர்கள் எதிர்ப் பக்கத்து வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். பெட்டி வெளியே வந்ததும் எழுந்து கல்லறைக் கேட்டு வரைக்கும் வாசிப்பார்கள், அங்கேயும் வெளியே நின்றுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இதே இன்னாசி குளித்துச் சலவைச் சட்டை போட்டு உள்ளே போய் நற்கருணை வாங்குவார். சாவுக்கு என்றால் வெளியேதான். அது ஏன் என்று சின்ன வயதில், உறுதிபூசுதலுக்குத் தயார்செய்யும் வகுப்பில் ஒருமுறை அகஸ்டினா கேட்டாள். "பேண்டு சத்தம் உள்ள வரக்கூடாதும்மா" என்றார் உபதேசியார். "பேண்டை வெளிய வெச்சுட்டு ஆளு உள்ள வரலாம்ல" என்றாள். உபதேசியார் அவளை முழங்காலில் நிற்கவைத்தார். அன்று முழங்கால் வலித்தது, ஆனால் வெட்கமாக இல்லை. படிக்கப் படிக்கத்தான் அது வந்து சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை லூயிஸ் சீக்கிரமே வந்து அவளுக்காகக் காத்திருந்தார்.

"உங்க வீட்டுக்கு வந்திருந்தேன் மத்மோசெல். வியாழக்கிழமை மத்தியானம். ஃபாதர்கிட்ட அட்ரஸ் வாங்கிக்கினேன். நீங்க ஸ்கூல்ல பாடம் எடுக்கப் போயிருந்தீங்க. ஜூலை பதினாலுக்கு எங்க சங்கத்துல எல்லாரும் கூடறோம், முசியே இஞ்ஞாஸையும் கூப்பிடலாம்னுதான்."

அவள் தோளிலிருந்த பையை இறக்கி மேஜைமேல் வைத்தாள்.

"அவரு ஊர்ல இல்லியாமே. உங்க வீட்ல வேலை செய்யற ஆளு சொன்னான். வாசல்ல உக்காந்து முசியேவோட ட்ரம்பெட்ட பிராஸோ போட்டுத் தொடச்சுக்கினு இருந்தான். அய்யா தொடச்சு வெக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு, வர நாளாவும்னான். நல்ல ஆளு. உக்காருங்கன்னு நாற்காலிய துண்டால தட்டிக் குடுத்தான், தண்ணி குடுத்தான். அவன் மட்டும் கடைசி வரைக்கும் நின்னுக்கினேதான் இருந்தான்." லூயிஸ் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டைப் பாத்தப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம்மா. எங்க தாத்தா இருந்தது ரெண்டு தெரு தள்ளிதான். வெளிய சொல்லிக்கறதில்ல. நாம எல்லாம் ஒரே படில ஏறி வந்தவங்க."

தன் ஆள் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அவர் கண்ணில் இருந்தது. பெருமைக்காரராக இருந்திருந்தால் அவரை வெறுத்துத் தொலைக்கலாம். அதற்கும் வழியில்லை.

அன்றைய பாடம் நசியான்சு கிரகோரியார். கிறிஸ்து நம் இயல்பில் எதைத் தனதாக எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலேயே கிடக்கும் என்று வாதாடியவர். மனித உடலை எடுத்தார், மனித மனதை எடுக்கவில்லை என்று அப்பொல்லினார் சொன்னதற்கு அவர் கொடுத்த அடி அது. மனம்தானே நம்மில் முதலில் விழுந்தது, அதை விட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றி என்ன லாபம்? அகஸ்டினா இதைப் பாடப்புத்தகம் ஒப்பிப்பது போல ஒப்பித்தாள். கடைசி பெஞ்சில் பெனிஷா என்று ஒரு நர்சிங் படிக்கும் பெண். எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். அவள் கை தூக்கினாள்.

"மிஸ், அப்ப வெக்கம்? அதையும் எடுத்துக்கினாரா?"

"எடுத்துக்கினாருன்னுதான் அர்த்தம்."

"இல்ல மிஸ், சிலுவைல துணி இல்லாம தொங்கவிட்டாங்க, அது மத்தவங்க குடுத்த வெக்கம். நான் கேக்கறது அது இல்ல. நாமளே ஒன்னு பண்ணிட்டு வெக்கப்படறோம்ல. அவரு பாவம் பண்ணாதவரு. அது எப்பிடி இருக்கும்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். அகஸ்டினா பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள்.

வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பெயர் அஞ்சலாட்சி, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி ஆஞ்செலா ஆனவள். இன்றைக்கும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"வியாழக்கிழமை யாரோ வந்தாங்களாமே" என்றாள் அகஸ்டினா.

"வந்தாரு ஒரு துரை." முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முசியே இருக்காராங்கிறாரு. எந்த முசியேங்கன்னு உங்கப்பா கேக்கறாரு. பிரான்சு பட்டாளத்துல பேண்டு வாசிச்சவரு, மத்மோசெல் அகஸ்டினாவோட அப்பாங்கிறாரு. நான் உள்ள இருந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். உங்கப்பாவுக்கு ஒரு நிமிசம்கூட ஆவல. அய்யா ஊர்ல இல்லீங்க, நான் வேலைக்காரன்னுட்டாரு."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல."

"இன்னான்னு? அது எங்க வூட்டுக்காரரு, எங்க பொண்ணு புளுகிட்டாள்னா? போடி. படிச்ச புள்ள மானம் போவக்கூடாதுன்னு அந்தாளு எவனுக்கோ வேலைக்காரனாயிட்டாரு, நான் போய் காட்டிக் குடுக்கட்டுமா?" உமியை வாசல் பக்கம் ஊதித் தள்ளினாள். "அந்த முசியே வந்தா சொல்லு, எனக்கும் பாக்கணும். எப்பிடி இருக்காருன்னு."

இன்னாசி சாயங்காலம் வந்தார். கால் கழுவினார், சாப்பிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் திருப்பிக் கத்தத் தெரியும். அவர் பருப்பு நல்லாயிருக்கு என்றார். வந்தவர் உட்கார்ந்த நாற்காலி இன்னும் வாசல் பக்கமே கிடந்தது. அவர் அதை எடுத்து உள்ளே போடவும் இல்லை, அதில் உட்காரவும் இல்லை. வியாழக்கிழமையிலிருந்தே அவளிடம் பேச்சில் ஒரு மரியாதை ஏறியிருந்தது. "சாப்பிடறியாம்மா" என்கிறவர் "சாப்புட்டாச்சா" என்று யாரையோ கேட்பது போலக் கேட்டார். அதுதான் அவளைக் குத்தியது. நடிப்பு அவருக்குள்ளேயே கொஞ்சம் தங்கிவிட்டது.

புதன்கிழமை மதாம் செலின் மாரடைப்பில் இறந்துபோனார். வகுப்பு மொத்தமும் அடக்கத்துக்கு வர வேண்டும், முதல் வாசகத்தை அகஸ்டினா வாசிக்க வேண்டும் என்று ஃபாதர் நெல்சன் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில் அவள் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தபோது இன்னாசி சிவப்புக் கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த அம்மா சாவுக்கா போற?"

"ஆமா."

"நானும் அதுக்குத்தான்." கோட்டின் குஞ்சத்தை நீவிவிட்டார். "காய்ச்சல்னு ஆதிமூலத்துகிட்ட சொல்லிடட்டுமா? அவருகிட்ட வேற ட்ரம்பெட் இல்ல. இருந்தாலும் சமாளிச்சுப்பாரு."

வேண்டாம்பா, வா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "நான் வாசகம் வாசிக்கணும்பா" என்றாள் அவள். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை.  அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். கூட்டத்தில் நாலு பேர் சிவப்புக் கோட்டு போட்டிருந்தால் யார் முகத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டதை உடனே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே பவுடர் போட்டாள்.

பத்து மணி வெயிலில் பிணவண்டி கோயில் கேட்டை அடைந்தது. பேண்டு நின்றது. வாசித்தவர்கள் வழக்கப்படி ஓரமாக விலகி வழிவிட்டார்கள். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு செலினின் மகன்கள் உள்ளே போனார்கள், பின்னால் வகுப்புக்காரர்கள். லூயிஸ் கறுப்புக் கோட்டில் மெடல்களோடு வந்திருந்தார். கேட்டின் கம்பியைத் தாண்டும்போது பக்கவாட்டில் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"ஏய், நீ மத்மோசெல் வூட்டு ஆளு இல்ல?"

இன்னாசி தொப்பியைக் கழற்றினார். "ஆமாங்க."

"இது முசியேவோட ட்ரம்பெட்தானே. அன்னிக்குத் தொடச்சுக்கினு இருந்தியே." லூயிஸின் குரல் உயர்ந்தது. வேறொருவருக்காகக் கோபப்படும் நல்ல மனிதனின் குரல். "அந்த மனுஷன் ஊர்ல இல்லன்னதும் அதைத் தூக்கியாந்து சாவுல ஊதிக்கினு இருக்கியா? வெக்கமா இல்ல?"

உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஆதிமூலம் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாங்க, என் ஆளுங்க அவரு" என்று ஆரம்பித்தார். இன்னாசி அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கேட்டுட்டுதாங்க எடுத்தாந்தேன்" என்றார்.

"யாரைக் கேட்ட?"

"அய்யாவைத்தாங்க."

"அவருதான் ஊர்லயே இல்லியே." லூயிஸ் சுற்றிலும் பார்த்து அகஸ்டினாவைக் கண்டுபிடித்தார். "நீங்க சொல்லுங்க மத்மோசெல். இவன் கேட்டானா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பெனிஷாகூட மெல்லுவதை நிறுத்திவிட்டு. இன்னாசி மட்டும் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தலையை மிக லேசாக, அவளுக்கு மட்டும் தெரிகிற அளவில் ஆட்டினார். ஆமான்னு சொல்லிடு, என்றது அந்தத் தலையாட்டல். ஆமா, கேட்டுத்தான் எடுத்தாரு. அவ்வளவுதான். எல்லாரும் உள்ளே போய்விடலாம். வருஷக்கணக்காக அவர் உதட்டில் பதிந்திருந்த வட்டத் தழும்பு, வேர்வையில் பளபளத்தது. கேட்டின் இந்தப் பக்கம் அவள் செருப்பு, அந்தப் பக்கம் அவர் செருப்பு.

"அது அவரோடது" என்றாள்.

"என்னது?"

"ட்ரம்பெட். அவரோடதுதான். வேற யாரும் இல்ல."

 அப்பா என்ற சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை. லூயிஸ் அவள் முகத்தைப் பார்த்தார், இன்னாசி முகத்தைப் பார்த்தார், திரும்ப அவளுடையதை. அந்த அகலமான நெற்றியையும் சற்றே தூக்கிய புருவத்தையும் அவர் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது தெரிந்தது. "பார்தோன்" என்றார் கடைசியில். மன்னிப்பு கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை. இன்னாசியை நோக்கி அரையடி வந்தார், என்ன நினைத்தாரோ, மெடல்கள் உரசிக்கொள்ளத் திரும்பி உள்ளே நடந்தார். கூட்டமும் பின்னாலேயே கலைந்து போனது. பெனிஷா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அகஸ்டினா கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள். பேண்டுக்காரர்கள் வாய்க்கால் கட்டையில் உட்கார்ந்து, மரியாதைக்கு முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

"ஏன் சொன்ன?" என்றார் இன்னாசி. குரலில் முதல்முறையாகக் கோபம் இருந்தது. "நான்தான் சமாளிச்சுக்கினு இருந்தேன்ல."

"திருடன்னு சொல்றாருப்பா."

"சொல்லட்டும். எவனையோதானே சொன்னாரு." கட்டையில் உட்கார்ந்தார். "நான் அவன் இல்லியே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கருங்கல் புடவையைத் தாண்டிச் சுட்டது. திருடன் என்று யாரோ சொன்ன பிறகுதானே வாய் திறந்தேன், வேலைக்காரன் என்றபோது திறக்கவில்லையே என்று அவளுக்குள் ஓடியது. அவரும் அதைத்தான் நினைக்கிறாரோ என்று பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுத் தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ஃபாதர் நெல்சன் மன்றாட்டை முடித்தார். ஆமென் என்றது கூட்டம். பெஞ்சுகள் கிறீச்சிட்டு எல்லாரும் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மைக்கின் இரைச்சல் மட்டும் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

"வாசகம்" என்றார் இன்னாசி. "உன்னைத்தான் தேடறாங்க. போ."

அவள் எழவில்லை. உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இன்னாசி ட்ரம்பெட்டைச் சாய்த்து, குழாயின் அடியில் இருந்த சின்ன விசையை அழுத்தி ஊதினார். ஊர்வலம் முழுக்க வாசித்ததில் உள்ளே சேர்ந்திருந்த எச்சில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதல் சொட்டுகள் மண்ணில் விழுந்து உருண்டன. அடுத்தவை அவள் பாதத்தில் விழுந்தன, வெதுவெதுப்பாக. அவர் பதறி ட்ரம்பெட்டை மறுபக்கம் திருப்பப் போனார். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.